பூனைங்க ரயில்ல ஏறி பால்வீதிக்குப் போற அந்த ஜப்பான் படத்தை குழந்தைக்கு காட்டலாமா?

நீங்க கேட்டது இது. பையன் மூணாவது படிக்கிறான், ராக்கெட்டு கிரகம் நட்சத்திரம்னா சோறு தண்ணி வேணாம், நல்லதா ஒரு ஜப்பான் விண்வெளி கார்ட்டூன் படம் சொல்லுங்கன்னு கேட்டதுக்கு யாரோ 1985-ல வந்த ‘கிங்கா தெட்சுதோ நோ யோரு’ பாருங்கன்னு சொல்லியிருக்காங்க, பால்வீதி ரயிலோட ராத்திரின்னு அர்த்தம், பையனுக்கு காட்டுறதுக்கு முன்னாடி நீங்க தனியா உக்காந்து அரை மணி நேரம் பாத்துட்டு நிறுத்திட்டீங்க. மெதுவா போகுது, எல்லாரும் ஏன் பூனையா இருக்காங்க, விண்வெளின்னாங்க ஒரு ராக்கெட்ட கூட காணோம், போதாக்குறைக்கு கடைசில ஒரு சாவு இருக்குன்னு கேள்விப்பட்டேன், இதை எட்டு வயசுப் பையனுக்கு காட்டலாமா வேணாமா.

காட்டலாம். நீங்க பக்கத்துல உக்காந்து காட்டுங்க, அது ஒண்ணுதான் என் கண்டிஷன். நான் இந்தப் படத்தை பத்து தடவைக்கு மேல பாத்திருக்கேன், எங்க அக்கா பையனோட போன வருசம் பாத்தேன், அவன் நாலாவது. அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், முடிவையும் சொல்லிடுவேன், ஏன்னா பெத்தவங்களுக்கு அது முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

முதல்ல ஒரு குழப்பத்தை தீத்துடலாம். விண்வெளியில ரயில் ஓடுற இன்னொரு ஜப்பான் படமும் இருக்கு, லெய்ஜி மட்சுமோட்டோ 1977-ல ஆரம்பிச்ச காமிக்ஸ், 1979-ல ரின்தாரோ டைரக்‌ஷன்ல சினிமாவா வந்துச்சு, ‘கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999’. அதுல துப்பாக்கி, சண்டை, இயந்திர மனுசங்க, வேற வேற கிரகம் எல்லாம் உண்டு, உங்க பையன் கேட்டது ஒருவேளை அது மாதிரியா கூட இருக்கலாம். ஆனா அந்த ரயிலுக்கே மூலம் இந்தக் கதைதான். கென்ஜி மியாசாவான்னு ஒரு கவிஞர், ஜப்பானோட வடக்குப் பக்கம் இவாத்தே மாகாணத்துல ஹனமாக்கிங்கிற ஊரு, 1896-ல பொறந்து 1933-ல முப்பத்தேழு வயசுல செத்துப் போனார். சுமார் 1924-ல இந்தக் கதைய எழுத ஆரம்பிச்சவர் சாகுற வரைக்கும் அடிச்சு அடிச்சு திருத்திக்கிட்டே இருந்தார், நாலு வடிவம் கிடைச்சிருக்கு, புஸ்தகமா வந்தது அவர் போனதுக்கப்புறம் 1934-ல. ஜப்பான்ல இந்தக் கதை தெரியாத ஆள் இருக்க மாட்டாங்க. அதை கிசாபுரோ சுகீங்கிற டைரக்டர் 1985 ஜூலையில படமா கொண்டு வந்தார், திரைக்கதை மினோரு பெட்சுயாக்கு, அவர் பெரிய நாடக ஆசிரியர். அந்த வருசம் அங்க அனிமேஷனுக்குன்னே குடுக்கற ஓஃபுஜி விருது இதுக்குத்தான் போச்சு. கதாநாயகன் ஜியோவானிங்கிற பையனுக்கு குரல் குடுத்தது மயூமி தனாக்கா, ‘ஒன் பீஸ்’ங்கிற கார்ட்டூன் தொடர்ல லூஃபிக்கு பேசுறாங்களே அவங்களேதான், உங்க பையன் இன்னும் ரெண்டு வருசத்துல அதைப் பாக்க ஆரம்பிச்சா இந்தக் குரல் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கேன்னுவான்.

மெதுவா போகுதுன்னு சொன்னீங்கல்ல, அது உண்மைதான். நீங்க ரயில் வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டீங்க. அந்த முதல் அரை மணி நேரத்துல என்ன நடக்குதுன்னு திரும்ப ஒரு தடவை யோசிச்சு பாருங்க. ஜியோவானியோட அப்பா வடக்குக் கடலுக்கு மீன் பிடிக்கப் போனவரு திரும்பி வரல, அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, பையன் ஸ்கூல் முடிஞ்சதும் ஊர் திருவிழாவுக்குப் போகாம நேரா அச்சாபீஸுக்கு வேலைக்குப் போறான். அங்க ஒரு தாளை கையில குடுத்து இதுக்கு எழுத்து பொறுக்குன்னு சொல்றாங்க, அவன் சுவத்தோரம் குனிஞ்சு உக்காந்து சின்ன இடுக்கிய வச்சு தானியம் மாதிரி இருக்கற ஈய எழுத்தை ஒண்ணொண்ணா எடுத்து தட்டையான பெட்டியில அடுக்குறான். வேற எதுவும் நடக்காது. சத்தமும் பெருசா இல்ல. சுத்தி இருக்கற பெரியவங்க கிண்டலா ஏதோ சொல்லி கமுக்கமா சிரிக்கிறாங்க, அவன் கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுத்தைப் பொறுக்கிட்டே இருக்கான், கடைசில ஒரு சின்ன வெள்ளிக் காசு கிடைக்குது, அதுல அம்மாவுக்கு ஒரு ரொட்டியும் ஒரு பொட்டலம் சக்கரைக் கட்டியும் வாங்கிட்டு ஓடுறான். நம்ம ஊர்ல பழைய அச்சாபீஸ்ல அச்சுக்கோத்தவங்கள பாத்திருந்தீங்கன்னா அந்தக் குனிஞ்ச முதுகு உங்களுக்கு உடனே தெரிஞ்சிடும். இந்த சீனை வேகமா ஓட்டியிருந்தா அப்புறம் ரயில்ல ஏறும்போது அவன் கண்ணுல வர்ற வெளிச்சத்துக்கு அர்த்தமே இருந்திருக்காது. எட்டு வயசுப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் போரடிக்கும்னு நம்ம நினைக்கிறோம், எங்க வீட்டுப் பையன் அந்த இடத்துலதான் அசையாம உக்காந்திருந்தான், அவ்ளோ சின்ன எழுத்தை எப்படி படிக்கிறான், எல்லாம் திரும்பி இருக்கேன்னு கேட்டான்.

இன்னொரு விஷயமும் முன்னாடியே வந்துடுது, கிளாஸ் ரூம் சீன். வாத்தியார் வான வரைபடத்துல மேல இருந்து கீழ ஓடுற வெள்ளைப் பட்டையைக் காட்டி, இதை ஆறுன்னும் சொல்லியிருக்காங்க பால் வழிஞ்ச தடம்னும் சொல்லியிருக்காங்க, உண்மையில இது என்னன்னு கேக்குறார். ஜியோவானிக்கு விடை தெரியும், அவ்வளவும் நட்சத்திரம், ஆனா வேலை பாத்த களைப்புல வாய் வரல. அவனோட சிநேகிதன் கம்பனெல்லாவுக்கும் தெரியும், இவன் சொல்லாததால அவனும் வேணும்னே சொல்லாம நிக்குறான். இந்த ஒரு இடத்துலயே அந்த ரெண்டு பேரோட நட்பு மொத்தமும் வந்துடுச்சு. இதுல நமக்கு ஒரு வசதி இருக்கு பாருங்க, தமிழ்ல அதுக்கு ரெண்டு பேருமே இருக்கு, பால்வீதின்னும் சொல்றோம் ஆகாச கங்கைன்னும் சொல்றோம், ஒண்ணு பாலு ஒண்ணு ஆறு. மொத்தக் கதையும் இந்த ரெண்டுக்கு நடுவுலதான் ஓடுது, அன்னைக்கு வீட்டுக்கு வராத பாலை வாங்கத்தான் ஜியோவானி ராத்திரில வெளிய போறான், அதே ராத்திரி ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் காய்க்குள்ள விளக்கு ஏத்தி ஆத்துல விட்டுக்கிட்டு இருக்காங்க. மேல இருக்கற பாலும் ஆறும், கீழ இருக்கற பாலும் ஆறும். பையனுக்கு இதை மட்டும் முன்னாடியே காதுல போட்டு வைங்க, மிச்சத்தை அவனே புடிச்சுக்குவான்.

ராக்கெட் இல்ல, சரி. ஆனா விண்வெளி இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க, எனக்குத் தெரிஞ்சு குழந்தைங்களுக்கு எடுத்த படங்கள்ல இவ்வளவு ஒழுங்கா நிஜ வானத்தை வச்சு கதை சொன்ன படம் ரொம்பக் கம்மி. பொதுவா விண்வெளிப் படம்னா ஏதோ ஒரு பேர் தெரியாத கிரகம், அதுல ஒரு ராஜா, ஒரு வில்லன். இங்க ரயில் நிக்கிற ஒவ்வொரு ஸ்டேஷனும் நம்ம தலைக்கு மேல இருக்கற நட்சத்திரக் கூட்டம், வரிசை கூட மாறாது. அன்னம் ஸ்டேஷன்ல ஆரம்பிக்குது, அதாவது சிக்னஸ், வடக்குச் சிலுவைன்னும் சொல்லுவாங்க. அங்க இருபது நிமிஷம் வண்டி நிக்கும், பசங்க ரெண்டு பேரும் இறங்கி ஆத்தங்கரையில புதைபடிவம் தோண்டுற ஒரு பெரியவரைப் பாக்குறாங்க. அப்புறம் அல்பிரியோ வானாய்வகம், அங்க நீலக்கல்லும் புஷ்பராகமும் மாதிரி ரெண்டு பெரிய உருண்டை ஒண்ணை ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கும். அது கற்பனை இல்லைங்க, அன்னத்தோட அலகுல இருக்கற அல்பிரியோவை வெறுங்கண்ணால பாத்தா ஒரே நட்சத்திரம், சின்ன டெலஸ்கோப்ல பாத்தா ரெண்டாப் பிரியும், ஒண்ணு தங்கக் கலரு ஒண்ணு நீலம். அடுத்து கழுகு ஸ்டேஷன், அதோட தலைநட்சத்திரம்தான் நம்ம திருவோணம். அப்புறம் விருச்சிகம், அதோட நெஞ்சுல சிவப்பா எரியுறது நம்ம கேட்டை. அதுக்கப்புறம் சென்டாரஸ், கடைசில தெற்குச் சிலுவை. மியாசாவா இதை எழுதிக்கிட்டிருந்த காலத்துலதான், 1925 ஆரம்பத்துல, ஆண்ட்ரோமீடா நம்ம பால்வீதிக்கு வெளிய இருக்கற தனி மண்டலம்னு ஹப்பிள்ங்கிற வானியல் விஞ்ஞானி கண்டுபிடிச்ச சேதியே முறைப்படி வெளிய வந்துச்சு. ஒரு கிராமத்து விவசாயப் பள்ளிக்கூட வாத்தியாரு அப்ப வானத்தை இவ்வளவு உன்னிப்பா படிச்சிருக்காரு.

அந்தக் கேட்டை நட்சத்திரத்துக்கு ஒரு குட்டிக் கதை வரும் படத்துல, ரயில்ல வர்ற ஒரு பொண்ணு சொல்லுவா, அதை மட்டும் தவற விட்டுடாதீங்க. ஒரு காட்டுல ஒரு தேள், சின்னச் சின்ன பூச்சிய புடிச்சுத் தின்னு வாழ்ந்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு நாள் அதை மரநாய் மாதிரி ஒரு பிராணி துரத்த, உயிருக்கு பயந்து ஓடி ஒரு கிணத்துல விழுந்துடுது, ஏற முடியல, முங்குது. அப்ப நினைக்குதாம், நான் எத்தனை உசிரைத் தின்னேன், என்னை ஒருத்தன் புடிக்க வந்தப்ப மட்டும் இப்படி ஓடினேனே, பேசாம உடம்பைக் குடுத்திருந்தா அவனாவது இன்னொரு நாள் உயிரோட இருந்திருப்பானே, இப்படி யாருக்கும் இல்லாம போச்சேன்னு. அப்படி வேண்டிக்கிட்டப்ப அதோட உடம்பு அழகான சிவப்பு நெருப்பா மாறி ராத்திரி இருட்டுக்கு வெளிச்சமா எரிய ஆரம்பிச்சுச்சு. நம்மூர்ல கேட்டைன்னா கோட்டை கட்டுவான்னு பழமொழி சொல்லி ஜாதகத்தோட விட்டுடுறோம், அதே நட்சத்திரத்துக்கு இப்படி ஒரு கதைய வச்சவர் மியாசாவா. எங்க அக்கா பையன் இப்பவும் விருச்சிகத்தைப் பாத்தா கிணத்துல விழுந்த தேளுன்னுதான் சொல்றான்.

தெற்குச் சிலுவைய பத்தி ஒண்ணு சொல்லணும், இது எனக்கே ரொம்ப நாள் கழிச்சுத்தான் உறைச்சுச்சு. படத்துல அந்த ஸ்டேஷன்தான் சொர்க்கத்தோட வாசல், ரயில்ல இருக்கற பெரும்பாலான ஆளுங்க அங்க இறங்கிடுவாங்க. நம்ம பக்கம் அதே நாலு நட்சத்திரத்தைத்தான் திரிசங்குன்னு சொல்றாங்க, உடம்போட சொர்க்கத்துக்குப் போகணும்னு ஆசைப்பட்டு விசுவாமித்திரர் தயவுல மேல போயி, உள்ள விடாம தள்ளிவிட்டதால நடு வானத்துல தலைகீழா தொங்குறவன். ஒரே நட்சத்திரக் கூட்டம், அங்க சொர்க்கத்துல இறங்குற ஸ்டேஷன், இங்க சொர்க்கத்துக்குள்ள போக முடியாம நிக்கிறவன். அதோட ஹனமாக்கி இருக்கறது வடக்கே 39 டிகிரி, அங்கிருந்து தெற்குச் சிலுவை தெரியவே தெரியாது, அடிவானத்துக்கு மேல ஏறவே ஏறாது. மியாசாவா தன் ரயிலோட கடைசி பெரிய ஸ்டேஷனை ஒரு தடவை கூட கண்ணால பாக்காம புஸ்தகத்தையும் வரைபடத்தையும் வச்சே எழுதியிருக்கார். நமக்கு அதுக்கு கன்னியாகுமரி வரைக்கும் போக வேணாம், சென்னையிலயே தெரியும், யாழ்ப்பாணத்துலயும் தெரியும், தெக்கால அடிவானம் மறைக்காம இருந்தா போதும்.

ரயில்ல ஏறுற ஆளுங்க யாருன்னு இப்ப உங்களுக்கு புரிஞ்சிருக்கும். ஒரு இளைஞன், அவன் பாத்துக்கற ஒரு அக்கா, ஒரு தம்பி, தம்பிக்கு தலையெல்லாம் ஈரம், காலுல செருப்பு இல்ல. அவங்க வந்த கப்பல் பனிப்பாறையில மோதி முங்கிடுச்சு. கதையில கப்பல் பேரு இல்ல, ஆனா 1912-ல நடந்த டைட்டானிக்தான்னு எல்லாருக்கும் தெரியும். அந்த இளைஞன் சொல்லுவான், உயிர்காக்கும் படகுல இடம் கம்மி, முன்னாடி நின்ன சின்னப் பிள்ளைங்களைத் தள்ளிட்டு இந்த ரெண்டு பேரையும் ஏத்தணும்னு நினைச்சேன், தள்ள மனசு வரல, அதனால ரெண்டையும் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டேன்னு. படத்துல பெரும்பாலும் பூனைங்கதான், ஆனா இந்த மூணு பேரும் மனுச முகத்தோட வர்றாங்க.

இங்க ஒரு விஷயம் இருக்கு, தெரிஞ்சா அந்த சீனை வேற மாதிரி பாப்பீங்க. படத்துக்கு மியூசிக் ஹருஓமி ஹொசோனோ, யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா குரூப்ல இருந்தவர், ஜப்பான்ல அவரைத் தெரியாதவங்க இல்ல. அவரோட சொந்தத் தாத்தா மசாபுமி ஹொசோனோ, டைட்டானிக்ல போன ஒரே ஜப்பான்காரர், பொழைச்சும் வந்தவர். ஆச்சரியம் என்னன்னா அவர் வேலையே ரயில்வே சம்பந்தமானது, அரசாங்கம் அவரை ரஷ்யாவுக்கு ரயில்வே அமைப்பைப் படிக்க அனுப்பியிருந்துச்சு, திரும்பி வர்ற வழியிலதான் அந்தக் கப்பல். ஒரு படகுல கடைசி நேரத்துல இடம் இருக்குன்னு கூப்பிட்டப்ப ஏறிட்டார். ஊருக்கு வந்ததும் எப்படி பொழைச்ச, பொம்பளைங்க குழந்தைங்க எல்லாம் செத்தப்ப நீ எப்படி ஏறினன்னு ஏசி, கோழைன்னு முத்திரை குத்தி, வேலையும் போச்சு, அப்புறம் திரும்ப சேத்துக்கிட்டாங்க. 1939-ல இறந்துட்டார். அவர் பேரன், தள்ள மனசு வராம முங்கிப்போன அந்த இளைஞன் பேசுற சீனுக்கு மியூசிக் போட்டிருக்கார். நான் இதைத் தெரிஞ்சுக்கிட்டப்புறம் அந்த இடத்துல வர்ற மெல்லிசான சத்தத்தைக் கேக்குறப்ப எல்லாம் தொண்டை அடைக்கும். பொழைச்சவர் மேலயும் தப்பில்ல, முங்கினவன் மேலயும் தப்பில்ல, ரெண்டு பேரையும் அந்த மியூசிக் ஒரே மாதிரி மடியில போட்டுக்குது.

மியாசாவா இதை ஏன் எழுதினார்னு கேட்டா, அவருக்கு தோஷின்னு ஒரு தங்கச்சி, ரெண்டு வயசு எளையவ, அவர் மேல உயிரு, வீட்ல அவர் எழுத்தை நல்லாப் புரிஞ்சுக்கிட்டவ. 1922 நவம்பர்ல காசநோய்ல போயிட்டா, இருபத்திநாலு வயசு. அடுத்த வருசம் 1923 கோடையில மியாசாவா ரயிலும் படகுமா மாறி மாறி வடக்கே சகாலின் தீவு வரைக்கும் போனார், போன காரணம் ஒரு மாணவனுக்கு வேலை கேக்குறதுக்கு, ஆனா அந்த வழியெல்லாம் தங்கச்சிய நினைச்சு கவிதை எழுதிட்டே போயிருக்கார், எங்க போன, எந்தப் பக்கம் போனன்னு. அந்த ராத்திரி ரயில்தான் வானத்துல ஏறுச்சுன்னு நிறைய பேர் சொல்றாங்க, நானும் அப்படித்தான் நம்புறேன். உயிரோட இருந்தப்ப அவர் போட்டது ரெண்டே புஸ்தகம், ரெண்டும் 1924-ல, ஒண்ணும் பெருசா விக்கல. 1926-ல வாத்தியார் வேலைய விட்டுட்டு விவசாயிங்களுக்கு எந்த வயலுக்கு எவ்வளவு உரம் போடணும்னு கணக்குப் போட்டுக் குடுத்துக்கிட்டு இருந்தவரு. படத்துல எழுத்தெல்லாம் ஏதோ புரியாத மொழியில இருக்கேன்னு பாத்திருப்பீங்க, அது எஸ்பெராண்டோ, உலகத்துக்கே பொதுவா இருக்கட்டும்னு உருவாக்கின மொழி, மியாசாவா அதை ஆசையா கத்துக்கிட்டவர், அதனால டைரக்டர் அதை வச்சிருக்கார். இப்ப ஹனமாக்கியில இருந்து கிளம்புற கமாய்ஷி லைன்ல ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எஸ்பெராண்டோவுல ஒரு செல்லப்பேரு இருக்கு, ஹனமாக்கிக்கு வச்ச பேரு வானவில். 2011 சுனாமிக்கப்புறம் அந்தப் பக்கம் தலை தூக்கணும்னு 2014-ல இருந்து 2023 வரைக்கும் அந்த லைன்ல ‘எஸ்எல் கிங்கா’ன்னு ஒரு நீராவி ரயில் விட்டாங்க, பால்வீதி பேருலயே.

பூனை ஏன்னு கேட்டீங்க. கதையில அவங்க மனுசப் பசங்கதான். ஹிரோஷி மசுமுராங்கிற காமிக்ஸ்காரர் மியாசாவா கதைங்களை பூனைங்கள வச்சு வரைஞ்சிருந்தார், டைரக்டர் அதையே எடுத்துக்கிட்டார். இதுல சண்டை போட்டவங்க உண்டு, எனக்கு இதுதான் சரின்னு தோணுது. ஒரு பையன் முகத்தை வரைஞ்சா அவன் ஜப்பான் பையனா, இத்தாலிப் பேரு இருக்கே வெள்ளைக்காரப் பையனா, பணக்காரனா ஏழையான்னு நம்ம மனசு உடனே ஒரு கட்டம் போட்டுடும். நீலப் பூனைக்கு ஊரு இல்ல. அதோட அந்தப் பூனை முகம் அதிகமா அசையாது, அழுதா கண்ணு லேசா பெருசாகும், அவ்வளவுதான், என்ன நினைக்கிறான்னு பாக்குறவங்கதான் நிரப்பிக்கணும். குழந்தைங்க அதை நம்மளைவிட நல்லா செய்யுதுங்க. படம் ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல எங்க பையன் பூனைன்னு சொல்றதையே விட்டுட்டான், அந்த அண்ணான்னுதான் சொன்னான்.

இப்ப முடிவு. ரயில் தெற்குச் சிலுவையைத் தாண்டினதும் ஜியோவானியும் கம்பனெல்லாவும் மட்டும்தான் மிச்சம். நம்ம எப்பவும் ஒண்ணாவே போலாம்னு ஜியோவானி சொல்றான். வெளிய ஒரு பெரிய கருப்பு ஓட்டை, கரிமூட்டைன்னு பேரு, அதுவும் நிஜமாவே இருக்கு, சிலுவைக்குப் பக்கத்துல தூசியும் வாயுவும் சேந்து பின்னாடி இருக்கற நட்சத்திரத்தை மறைக்கிற இடம், சுமார் 600 ஒளியாண்டு தூரம். கம்பனெல்லா அந்தப் பக்கம் காட்டி, அங்க எவ்வளவு அழகான வயல் தெரியுது பாரு, எங்க அம்மா நிக்கிறாங்கன்னு சொல்றான். ஜியோவானிக்கு அப்படி ஒண்ணும் தெரியல. திரும்பிப் பாத்தா பக்கத்து சீட்டு காலி. அழுதுக்கிட்டே மலை மேல கண்ணு முழிக்கிறான், பால்காரர் வீட்டுக்குப் போறான், கதையில அந்த ஆளு மன்னிப்பு கேப்பாரு, கன்னுக்குட்டி அவுத்துக்கிட்டுப் போயி பாதிப் பாலைக் குடிச்சுடுச்சு தம்பின்னு. சூடு ஆறாத பால் பாட்டிலோட பாலத்துக்கிட்ட வந்தா கூட்டம். ஜியோவானியை எப்பவும் கேலி பண்ற சனெல்லிங்கிற பையன் ஆத்துல விழுந்திருக்கான், கம்பனெல்லா குதிச்சு அவனை படகுப் பக்கம் தள்ளி விட்டுட்டான், அவன் மட்டும் மேல வரல. கம்பனெல்லாவோட அப்பா கரையில கையில கடிகாரத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறார். இனி ஒண்ணும் இல்ல, விழுந்து நாப்பத்தஞ்சு நிமிஷம் ஆயிடுச்சுன்னு சொல்றார். அதே மூச்சுல ஜியோவானிகிட்ட உங்க அப்பா வந்துட்டாரா, எனக்கு லெட்டர் வந்துச்சே, நாளைக்கு எல்லாரும் வீட்டுக்கு வாங்கன்னு சொல்றார்.

சாவு இருக்குன்னு பயந்தீங்கல்ல, இவ்வளவுதான். ரத்தம் இல்ல, கத்தல் இல்ல, உடம்பைக் காட்டவே மாட்டாங்க. ஆனா மனசுல கனமா உக்காரும், அதை மறைச்சு சொல்ல மாட்டேன். வீட்ல சமீபத்துல யாராவது தவறியிருந்தாங்கன்னா, முக்கியமா அவன் வயசுப் பிள்ளை யாராவது தண்ணியில போயிருந்தா, கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்க. மத்தபடி எட்டு வயசு போதும், அந்த வயசுல பிள்ளைங்க செத்தவங்க எங்க போவாங்கன்னு எப்படியும் மனசுக்குள்ள கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும், நம்மகிட்ட கேக்காம இருக்கும் அவ்வளவுதான். இந்தப் படம் அந்தக் கேள்விய வெளிய கொண்டு வந்துடும். எங்க பையன் அன்னைக்கு ஒண்ணும் பேசல, மறுநாள் சாப்பிடும்போது கேட்டான், அவங்க அப்பா ஏன் அழல, கடிகாரத்தை மட்டும் ஏன் பாத்தாருன்னு. கடிகாரத்துல இருந்து கண்ணை எடுத்தா ஆத்தைப் பாக்கணுமே, அதான்டான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவனே சொன்னான், அப்ப ரயில்ல கூட வந்ததே பை சொல்றதுக்குத்தான் போலன்னு.

எப்படிக் காட்டலாம்னா, படம் ஒண்ணே முக்கா மணி நேரத்துக்கு மேல, ஒரே மூச்சுல வேணாம், ரயில் வந்து அவங்க உள்ள உக்காந்ததும் அன்னைக்கு நிறுத்திடுங்க, அடுத்த நாள் ராத்திரி விளக்கை அணைச்சிட்டு மிச்சம். சப்டைட்டிலை நீங்களே தமிழ்ல சொல்லிட்டு வாங்க, வசனம் கம்மிங்கிறதால கஷ்டமே இல்ல. டிக்கெட் செக் பண்றவர் வர்ற இடத்துல மட்டும் நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்க, மத்தவங்ககிட்ட சின்ன டிக்கெட்டு, ஜியோவானி பாக்கெட்ல மட்டும் ஏன் மடிச்ச பச்சைத் தாளு, எங்க வேணா போகலாங்கிற டிக்கெட்டு அவனுக்கு மட்டும் ஏன்னு. பதில் சொல்லாதீங்க, முடிவு வந்ததும் அவனே திரும்பி உங்களைப் பாப்பான். அப்புறம் பறவை புடிக்கிறவர் ஒருத்தர் வருவார், தொணதொணன்னு பேசுவார், ஜியோவானிக்கு அவரை புடிக்காது, அந்தாளு திடீர்னு காணாமப் போனதும் அய்யோ அவர்கிட்ட ஒழுங்கா ரெண்டு வார்த்தை பேசலயேன்னு தவிப்பான், எனக்கு படத்துலயே ரொம்பப் புடிச்ச நிமிஷம் அதுதான், குழந்தைங்களுக்கு சிரிப்பா இருக்கும், சிரிக்கட்டும்.

அதோட முடிஞ்சா மே மாசம் அமாவாசைய ஒட்டி, மேகம் இல்லாத ராத்திரியா பாத்து, ஊருக்கு வெளிய வெளிச்சம் இல்லாத இடத்துக்கு கூட்டிட்டுப் போங்க. ராத்திரி ஒம்பது மணிக்கு தெக்கால தாழ்வா நாலு நட்சத்திரம் சிலுவையா நிக்கும், அதை ஒட்டி இடது பக்கம் கொஞ்சம் கூடுதலா இருட்டா இருக்கறதுதான் கரிமூட்டை. ஒரு பாயைப் போட்டு படுக்க வச்சுட்டு நடு ராத்திரி எழுப்புங்க. அப்ப சிலுவை தென்மேற்கே சாஞ்சு இறங்கிக்கிட்டு இருக்கும், கேட்டை தெக்கால நல்ல உயரத்துல சிவப்பா எரியும், திருவோணம் கிழக்கே, அன்னம் அப்பத்தான் வடகிழக்கே அடிவானத்துல இருந்து மேல வந்திருக்கும். ரயில் ஓடுற பாதை மொத்தமும் ஒரே வானத்துல, மியாசாவா ஊர்ல இருந்து இப்படிப் பாக்கவே முடியாது. நாங்க திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டுல படுத்துக்கிட்டு பாத்தோம். அக்கா பையன் ரெண்டு கையையும் விரிச்சு, ஒரு கை வடகிழக்கே ஒரு கை தென்மேற்கே காட்டி, இங்க ஏறி அங்க இறங்குறாங்களா மாமான்னு கேட்டான். ஆமாடான்னேன்.